சீந்திலை வெட்டியவர்

ஐப்பசி பிறந்தும் மழை விடவில்லை. உலகநாதனுக்கு இருமலும் விடவில்லை.

இருமல் புகையால் வந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் தோட்டத்து மூலைகளில் ஈரச் சருகைக் குவித்துத் தீ வைப்பார். தீ எரியக் கூடாது, புகைய வேண்டும். அந்தப் புகை சாத்துக்குடி மரங்களுக்கு நடுவே தாழ்வாகப் பரவி நிற்கும்வரை அவரும் கூடவே நிற்க வேண்டும். கண் எரியும், தொண்டை கமறும். மழை ஒரு தூறல் போட்டால் எல்லாம் அணைந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து மூட்டுவார்.

அப்படியும் பூச்சி வந்தது.

காலையில் போய்ப் பார்த்தால் மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடக்கும். கையில் எடுத்தால் நல்ல பழம்போலத்தான் இருக்கும். உற்றுப் பார்த்தால் தோலில் ஊசி குத்தியதுபோல ஒரு துளை தெரியும். லேசாக அழுத்தினால் அந்தத் துளையிலிருந்து சாறு பீச்சும். மரத்தில் இன்னும் விழாமல் இருக்கிற பழங்களிலும் அதே துளைதான். அதைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம். அவை நாளை விழும்.

மலையடிவாரத்தில் இருந்த அந்த ஆசிரமம் பெரியதல்ல. ஓட்டுக் கட்டடம் ஒன்று, சமையல் கொட்டகை ஒன்று, பின்னால் இந்தத் தோட்டம். அரசியம்மா என்று எல்லோரும் கூப்பிட்ட மங்கையர்க்கரசிதான் அங்கே குரு. அவருக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்காது. உலகநாதனுக்கு அறுபது தாண்டிவிட்டது. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு ஒரு துணிப்பையோடு இங்கே வந்து சேர்ந்தார். தன்னைவிடச் சின்னவரைக் குருவாக ஏற்பதில் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. அவர் ‘அம்மா’ என்பார். அரசியம்மா அவரை ‘அண்ணே’ என்பார்.

மலைக் கிராமங்களிலிருந்து சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இறங்கி வருகிறவர்களுக்கு அங்கே மதியச் சோறு உண்டு. அந்தச் சோற்றுக்கு அரிசி தோட்டத்துப் பழத்தால் வந்தது. பழம் குறைய ஆரம்பித்த பிறகு சோறு கஞ்சியானது. இந்த வருஷம் கஞ்சியிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

கஞ்சியை வாங்கிக்கொண்டு யாராவது கிண்ணத்துக்குள் ஒரு கணம் பார்த்தால் போதும், உலகநாதன் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பூச்சி விழுந்த முதல் வருஷம் அவர் பழியைக் கொய்யாமேல் போட்டார். வேலியோரம் நின்ற கொய்யாவில் பழம் அழுகி ஈ மொய்த்தது. எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது என்று மரத்தையே சாய்த்தார். பிறகுதான் தெரிந்தது, கொய்யாவில் இருந்தது ஈ. சாத்துக்குடியைக் குத்துவது அந்துப்பூச்சி. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்த வருஷம் மழையைத் திட்டினார். அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. முன்பெல்லாம் ஆவணியில் நல்ல வெயில் அடிக்கும். பழம் நிறம் மாறுகிற சமயத்தில் காடு காய்ந்து கிடக்கும், பூச்சியும் கம்மியாக இருக்கும். இப்போதோ ஆனியில் பிடிக்கிற மழை ஐப்பசிவரை அடங்குவதில்லை. காடெல்லாம் தளதளவென்று நிற்கிறது. பூச்சியும் பெருகிவிட்டது.

ஆனால் மழையை என்ன செய்ய முடியும்? வானத்தைப் பார்த்துத் திட்டித் திட்டி அவருக்கே வாய் வலித்தது.

இந்த வருஷம் புரட்டாசியில் ஒருநாள் சாயங்காலம், வேலியோரம் சருகு கூட்டப் போனார். கிளுவை வேலியின்மேல் சீந்தில் கொடி போர்வைபோலப் படர்ந்திருந்தது. கசாயத்துக்காகத் தங்கத்தாய் நட்டது. தங்கத்தாய் ஆசிரமத்துச் சமையல்காரி. காய்ச்சல் என்று யார் வந்தாலும் அந்தக் கொடியை நறுக்கிச் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் காய்ச்சிக் கொடுப்பார்.

கொடியில் இரண்டு இலைகள் நூலால் தைத்ததுபோல ஒட்டிக்கொண்டிருந்தன. அதிலிருந்து ஏதோ நெளிந்து வெளியே வந்தது. உலகநாதன் விளக்குமாறைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

கசங்கிய துணிபோல இருந்தது அது. இலைக்காம்பைப் பிடித்துத் தொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறக்கை மெல்ல நீண்டது. மேல் இறக்கைக்குக் காய்ந்த சருகின் நிறம். அது விலகியதும் உள்ளே மஞ்சள், நடுவில் கரும்பொட்டு.

அவருக்கு அது பழகிய முகம். தினமும் பழத்தில் உட்கார்ந்திருக்கிறதே, அதே பூச்சி.

பக்கத்து இலைகளைப் புரட்டினார். புழுக்கள். கரும்பட்டில் செய்ததுபோல, பக்கவாட்டில் கண் வரைந்ததுபோலப் பொட்டுகளோடு, தலையை மடக்கிக்கொண்டு இலையைத் தின்றுகொண்டிருந்தன. சாத்துக்குடி இலையில் ஒருநாளும் அவர் இப்படி ஒரு புழுவைப் பார்த்ததில்லை. இத்தனை வருஷமும் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோமே என்று நினைத்தார். இது வளர்கிற இடம் ஒன்று, குத்துகிற இடம் வேறு.

வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் அவருக்கு நன்றாகப் பசித்தது.

மறுநாள் காலை அரசியம்மாவைத் தேடிப் போனார். அவர் சமையல் கொட்டகைக்கு வெளியே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா, கண்டுபிடிச்சுட்டேன்.”

“என்ன அண்ணே?”

“பூச்சி வேலியில இருக்கிற சீந்தில்லதான் வளருது. என் கண்ணால பார்த்தேன். கொடியை வெட்டிடறேன்.”

அரசியம்மா ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார்.

“வெட்டினா ஓயுமா?”

“ஓயும்மா. நிச்சயமா ஓயும்.”

“அப்ப வெட்டுங்க. தங்கத்தாய்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டீங்களா?”

“சொல்லிடறேன்.”

அவர் சொல்லவில்லை. சொன்னால் அந்த அம்மாள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று தோன்றியது. தங்கத்தாய் சந்தைக்குப் போன நேரம் பார்த்து அரிவாளை எடுத்தார். அடித்தண்டு கட்டைவிரலைவிடத் தடிமனாக இருந்தது. ஒவ்வொன்றாக வெட்டினார். மேலே படர்ந்திருந்ததைத் துரட்டியால் இழுத்துக் கீழே தள்ளினார். பொழுது சாய்ந்ததும் அத்தனையையும் சருகோடு சேர்த்து மூட்டினார். அன்று புகை நன்றாகவே கனத்தது.

தங்கத்தாய் திரும்பி வரும்போது வேலி மொட்டையாக நின்றது. கூடையைக் கீழே வைக்கக்கூட மறந்து அப்படியே நின்றுவிட்டார்.

“டைம்கீப்பரய்யா, இதை யாரு வெட்டினது?”

“நான்தான்.”

“எதுக்கு?”

“பூச்சி இதுலதான் வளருது.”

“காய்ச்சலுக்கு மருந்தும் இதுலதானய்யா வளருது. மலையூர் பூராக் காய்ச்சலாக் கெடக்கு. நாளைக்கு வர்றவங்களுக்கு நான் என்னத்தக் குடுப்பேன்?”

“உனக்கென்ன? கசாயம் காய்ச்சிக் குடுத்து நல்ல பேரு வாங்கிக்குவ. பழம் அழுகினா பதில் சொல்றது நானு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உக்காந்து புழுவைப் பொறுக்கியிருப்பேனே.”

“இத்தனை வருஷமா அந்தப் பூச்சிக்குத் தீனி போட்டு வளத்ததே நீதான்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஆனால் வார்த்தை போய்விட்டது.

தங்கத்தாய் குனிந்தார். புகைகிற குவியலோரம் தீ படாமல் கிடந்த துண்டுத் தண்டுகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். பிறகு கூடையோடு உள்ளே போனார்.

அடுத்த சில நாட்கள் பூச்சி குறைந்த மாதிரிதான் இருந்தது. உலகநாதன் நிமிர்ந்து நடந்தார். பிறகு ஒரு காலையில் மரத்தடியில் பழைய மாதிரியே பழம் கிடந்தது. மறுநாள் அதைவிட அதிகம். அந்தி நேரத்தில் புகைக்கு மேலாக, மலைப்பக்கமிருந்து, பூச்சிகள் சாவகாசமாக இறங்கி வந்தன.

அவர் அரசியம்மாவிடம் போனார்.

“ஓயலைம்மா.”

“அப்படியா.”

“நீங்க அன்னைக்கே தடுத்திருக்கலாம்.”

“எனக்குப் பூச்சியைப் பத்தி என்ன தெரியும் அண்ணே? ஓயும்னு நீங்க சொன்னீங்க. நான் நம்பினேன்.”

அவர் குரலில் கிண்டல் இல்லை. உலகநாதன் மரத்தடிக்குத் திரும்பிப் போய் விழுந்த பழங்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

மழை தொடர்ந்தது. காய்ச்சலும் மலையை விட்டுக் கீழே இறங்கியது. பொறுக்கி வைத்த தண்டுகள் தீர்ந்ததும், கசாயம் கேட்டு வந்தவர்களுக்குத் தங்கத்தாய் வெறும் சுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். ஒரு கிழவர் அதைக் குடித்துவிட்டு, “கசப்பே இல்லையேம்மா” என்றார். உலகநாதன் அப்போது பக்கத்தில்தான் நின்றார். கையில் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விட்டார்.

பிறகு தங்கத்தாயே படுத்துவிட்டார். இரண்டு போர்வை போர்த்தியும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மலைப்பாதையில் மண் சரிந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் நின்றுபோயிருந்தது. ஊர் நர்ஸ் நடந்தே வந்து மாத்திரை கொடுத்துப் போனார். காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது.

மறுநாள் காலையில் அரசியம்மா தோட்டத்துக்கு வந்தார். அவர் கண்ணும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது.

“அண்ணே, சீந்தில் கொஞ்சம் வேணும். மாத்திரை குடுத்தாச்சு. இருந்தாலும் கசாயம், கசாயம்னு பொலம்புறாங்க.”

“இங்க இல்லையேம்மா.”

“தெரியும்.”

அரசியம்மா திரும்பி நடந்தார். உலகநாதன் அரிவாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தலைக்கு ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, மலைப் பக்கம் கிளம்பினார்.

இத்தனை வருஷம் மலையடிவாரத்தில் இருந்தும் அவர் அந்தப் பக்கம் ஏறியதில்லை. வறண்ட பூமியில் பிறந்தவர். மலை அவருக்குக் கண்ணால் பார்க்கிற பொருள், அவ்வளவுதான். பாதை வழுக்கியது. இருமல் வந்தபோதெல்லாம் எதையாவது பிடித்துக்கொண்டு நின்றார். சீந்திலை எங்கே போய்த் தேடுவது என்ற கவலை ஏறும்போது இருந்தது.

முதல் திருப்பத்தைத் தாண்டியதும் அந்தக் கவலை போய்விட்டது.

சரிவு முழுக்கச் சீந்தில். மரத்துக்கு மரம் தாவி, பாறைமேல் வழிந்து, ஓடை மேல் பந்தல் போட்டு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை அதன் இலைதான். மழையில் குளித்து ஒவ்வொரு இலையும் வெற்றிலைபோல மினுங்கியது. யாரோ விறகுக்கு வந்தவர்கள் ஒரு கொடியை அடியில் வெட்டியிருந்தார்கள். அது சாகவில்லை. மரத்தில் தொங்கிக்கொண்டே வெள்ளை நூலாக வேர் இறக்கியிருந்தது. நூலின் நுனி மண்ணைத் தொட இன்னும் ஒரு முழம்தான் பாக்கி.

உலகநாதன் கைக்கெட்டிய இலை ஒன்றைப் புரட்டினார். கரும்பட்டுப் புழு. அடுத்த இலையைப் புரட்டினார். அதிலும் இருந்தது. அதற்குமேல் அவர் புரட்டவில்லை.

ஒரு பாறையில் உட்கார்ந்தார். கீழே, வெகு கீழே, ஆசிரமத்து ஓட்டுக்கூரையும் தோட்டமும் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தன. வேலியில் தான் வெட்டிச் சாய்த்த நாலு கொடி நினைவுக்கு வந்தது. அதற்காகத் தங்கத்தாயிடம் பேசிய பேச்சும் நினைவுக்கு வந்தது. சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. சிரிக்க முயன்றார், இருமல்தான் வந்தது. சாக்கின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு எழுந்து வேண்டிய அளவு தண்டை மட்டும் வெட்டிக்கொண்டு இறங்கினார்.

கசாயத்தை அவரே காய்ச்சினார். தோலைச் சீவி, தண்டை இடித்து, சுக்கும் மிளகும் போட்டு, நாலு பங்கு தண்ணீர் ஒரு பங்காகச் சுண்டும்வரை அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். டம்ளரில் ஊற்றி ஆற்றி எடுத்துப் போனார்.

தங்கத்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது.

“கசக்குதா?” என்றார் உலகநாதன்.

“கசக்காம பாயாசம் மாதிரியா இருக்கும்? எங்க கெடச்சுது?”

“மலையில.”

“மலையையும் மொட்டையடிச்சுட்டீங்களா டைம்கீப்பரய்யா?”

“இல்ல. கொஞ்சமாத்தான் வெட்டினேன்.”

தங்கத்தாய் மிச்சத்தையும் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். போகாமல் நின்றார்.

“அன்னைக்கு நான் பேசினது தப்பு, தங்கத்தாயி.”

“ஆமா, தப்புதான்” என்றார் தங்கத்தாய். “கொஞ்சம் சுக்கைக் குறைங்க அடுத்த தடவை. தொண்டை எரியுது.”

போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தார்.

காய்ச்சல் இரண்டொரு நாளில் விட்டது. மாத்திரையால் விட்டதா, கசாயத்தால் விட்டதா, யாரும் ஆராயவில்லை. பழம் மட்டும் விழுந்துகொண்டேயிருந்தது. அந்த வருஷம் மரத்தில் மிஞ்சப்போவது பாதிகூட இல்லை என்று தெரிந்துபோயிற்று. அரசியம்மா சமையல் கொட்டகையில் சொல்லிவிட்டார்: தையில் பழம் விற்று முடிக்கும்வரை கஞ்சிதான், அதையும் நாம் கடைசியாகக் குடிப்போம்.

அன்று சாயங்காலம் மழை சற்று ஒதுங்கியிருந்தது. உலகநாதன் சருகைக் குவித்துக்கொண்டிருந்தார். அரசியம்மா நெருப்புச் சட்டியை ஏந்திக்கொண்டு மரங்களுக்கு நடுவே வந்தார். இதற்குமுன் அவர் அந்த நேரத்தில் தோட்டத்துக்கு வந்ததில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, குவியலுக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

“எந்தப் பக்கம் வைக்கணும் அண்ணே?”

“காத்து வர்ற பக்கம்மா. தணலை உள்ள தள்ளி வையுங்க.”

அவர் வைத்தார். தீ குபுக்கென்று எரிந்தது. உலகநாதன் ஈரச் சருகை அள்ளிப் போட்டு அமுக்கினார். புகை கிளம்பியது. இருவருமே இருமினார்கள்.

“அம்மா.”

“சொல்லுங்க.”

“தோட்டத்தை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க.”

“ஏன்?”

“என்னால முடியலை.”

அரசியம்மா ஒரு குச்சியை எடுத்துச் சருகைக் கிளறினார்.

“எது முடியலை? சருகு கூட்டறதா?”

“அது இல்லை.”

“பழம் பொறுக்கறதா?”

“இல்லைம்மா.”

“இப்படி வந்து புகை போடறதா?”

“அதெல்லாம் ஒரு வேலையாம்மா? உடம்பு பழகிடுச்சு. இருமல்கூடப் பழகிடுச்சு.”

“பின்ன?”

உலகநாதன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சொல்ல ஆரம்பித்ததும் அவர் நினைத்ததைவிட அதிகமாக வந்தது.

“விடிஞ்சு எந்திரிச்சா இதே நெனப்பும்மா. யாரால இப்படி ஆச்சு, எதால இப்படி ஆச்சுன்னு. கொய்யாவைத் திட்டினேன். மழையைத் திட்டினேன். கொடியைத் திட்டினேன். அந்த அம்மா நல்லதுக்கு நட்டாங்க, அவங்களையும் விடலை. கஞ்சி வாங்க வர்றவங்க கிண்ணத்தைப் பார்த்தாக்கூட எனக்குக் கோபம் வருது. இப்ப மலையில போய்ப் பார்த்தா மலை முழுக்க அந்தக் கொடிதான். அது மழைக்குத் தழைக்குது. அதுல புழு வளருது. அதே கொடி காய்ச்சலுக்கு மருந்தாவும் இருக்கு. எதை வெட்டறது? இனிமே நான் யார்மேல கோபப்படறது? நீங்களே சொல்லுங்க.”

ஒரு பூச்சி புகையைத் தாண்டி வந்தது. அரசியம்மாவின் முழங்கையில் உட்கார்ந்து சருகு நிற இறக்கையை மடக்கியது. அவர் கையை லேசாக உதறினார். அது எழும்பி, புகையைச் சுற்றிக்கொண்டு வேறெங்கோ போனது. உலகநாதன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீ மறுபடியும் எரியப் பார்த்தது. அரசியம்மா இரண்டு கையாலும் ஈரச் சருகை அள்ளி அதன்மேல் போட்டார். புகை கனத்து, தாழ்ந்து, மரங்களுக்கு நடுவே நகர ஆரம்பித்தது. அவர் கண்ணில் நீர் வழிந்தது. தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

“புகை போடறதுக்குக் கோபம் எதுக்கு அண்ணே?” என்றார்.